ஆப்ஜெக்டை டேபிளில் சேர்ப்பது எப்படி: ஓஆர்எம் கற்கத் தொடங்குபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

நிரலில் எல்லாவற்றையும் ஆப்ஜெக்டாக வைத்துப் புழங்குகிறோம். டேட்டாபேஸுக்குள் போனால் எல்லாம் டேபிள், வரிசை, நெடுவரிசை. இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்குத் தகவலைக் கொண்டுபோய்க் கொண்டுவரும் வேலையை ஓஆர்எம் (ஆப்ஜெக்ட்-ரிலேஷனல் மேப்பிங்) என்ற கருவி பார்த்துக்கொள்கிறது. அது இல்லாவிட்டால் ஒவ்வொரு கியூரியையும் (டேட்டாபேஸுக்குக் கொடுக்கும் கட்டளையை) கையால் எழுதி, வந்த விடையைப் பிரித்து ஆப்ஜெக்டில் போட்டு, சேமிக்கும்போது அதையே தலைகீழாகச் செய்ய வேண்டும். பத்து டேபிள் உள்ள திட்டத்திலேயே அலுத்துப்போகும்.

ஆனால் புதிதாக வருபவர்கள் ஒன்றை மனதில் வைக்க வேண்டும். ஓஆர்எம் இருந்தால் எஸ்கியூஎல் (டேட்டாபேஸோடு பேசும் மொழி) எழுதுவது குறையும். எஸ்கியூஎல் தெரியாமல் காலம் தள்ள முடியாது. நீங்கள் எழுதும் ஒரு சாதாரண வரி பின்னால் எத்தனை கியூரியாக மாறுகிறது என்று பார்க்கத் தெரிந்தவருக்குத்தான் இந்தக் கருவி கைகொடுக்கும். அதனால் லாகை (ஓடிய கியூரிகளின் பதிவை) திறந்து பாருங்கள் என்று இந்தக் கட்டுரையில் அடிக்கடி சொல்வேன்.

உதாரணத்துக்கு ஒரு பயிற்சி மையத்தின் மென்பொருளை எடுத்துக்கொள்வோம். ஆசிரியர்கள், அவர்கள் நடத்தும் பாடங்கள், மாணவர்கள், எந்த மாணவர் எந்தப் பாடத்தில் சேர்ந்தார் என்ற விவரம். நிரல் பைதானில், கருவி எஸ்கியூஎல்ஆல்கெமி 2.0. நீங்கள் ஜாவாவில் ஹைபர்னேட்டோ, ஜாங்கோவின் ஓஆர்எம்மோ, டாட்நெட்டில் என்டிட்டி ஃபிரேம்வொர்க்கோ பயன்படுத்தினாலும் சங்கதி இதேதான். வித்தியாசம் முக்கியமாக இருக்கும் இடத்தில் சொல்லிவிடுகிறேன். டேபிள் பெயர்களைப் படிக்க வசதியாகத் தமிழிலேயே தருகிறேன். நிரலில் உங்கள் குழுவின் வழக்கப்படி வையுங்கள்.

இரண்டும் ஏன் அப்படியே பொருந்துவதில்லை

ரிலேஷனல் மாதிரியை எட்கர் காட் ஐபிஎம்மில் இருந்தபோது 1970-ல் முன்வைத்தார். அதில் ஒரு வரிசைக்கும் இன்னொரு வரிசைக்கும் உள்ள உறவு, அவற்றில் இருக்கும் மதிப்புகளால் மட்டுமே தெரியும். பாடத்தின் வரிசையில் ஆசிரியர் எண் 4 என்று இருந்தால், ஆசிரியர்கள் டேபிளில் 4 என்ற எண் உள்ளவர்தான் அதை நடத்துகிறார். அவ்வளவுதான். இந்த உறவுக்குத் திசை கிடையாது. எந்தப் பக்கத்திலிருந்தும் கேட்கலாம்.

ஆப்ஜெக்டில் திசை உண்டு. பாடத்துக்குள் ஆசிரியரைச் சுட்டும் ஒரு பண்பு இருந்தால் பாடத்திலிருந்து ஆசிரியருக்குப் போகலாம். திரும்பி வர வேண்டுமானால் ஆசிரியருக்குள் பாடங்களின் பட்டியல் ஒன்று தனியாக இருக்க வேண்டும். டேபிளிலோ ஒரு கட்டத்துக்குள் பட்டியலைத் திணிப்பது முறையல்ல. அதே உறவு எதிர்ப்பக்கத்தில், ஒவ்வொரு பாடத்தின் வரிசையிலும் ஒரு ஃபாரின் கீயாக (இன்னொரு டேபிளின் வரிசையைச் சுட்டும் எண்ணாக) இருக்கும்.

இன்னொரு வேறுபாடு அடையாளம். நினைவகத்தில் ஒரே மதிப்புகள் கொண்ட இரண்டு ஆப்ஜெக்டுகள் இருந்தால் அவை இரண்டு வேறு ஆப்ஜெக்டுகள். டேட்டாபேஸில் பிரைமரி கீ (வரிசையை அடையாளம் காட்டும் எண்) ஒன்றானால் ஆளும் ஒன்றே. எண்ணை டேட்டாபேஸே தருகிற அமைப்பில், புதிதாக உருவாக்கிய ஆப்ஜெக்டுக்குச் சேமிக்கும்வரை எண்ணே இருக்காது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஜாவாவில் எண்ணை வைத்து ஈக்வல்ஸும் ஹேஷ்கோடும் எழுதிவிட்டு, சேமிக்கும் முன்பே அந்த ஆப்ஜெக்டை ஒரு செட்டில் போட்டால், சேமித்த பிறகு அந்த செட்டில் தேடினால் கிடைக்காமல் போகும். காரணம் இதுதான்.

படி 1: டேபிளை முதலில் வரையுங்கள்

கிளாஸை எழுதிவிட்டு, டேபிளை ஓஆர்எம் தானாக உருவாக்கட்டும் என்று விடுவது சுலபம். தொடங்குபவர்களுக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். நிரல் பலமுறை மாறும், சில வருடங்களில் வேறு மொழிக்கே போகலாம். தகவல் அங்கேயேதான் இருக்கும். எனவே முதலில் ஒரு தாளில் நான்கு டேபிள்களை வரையுங்கள்: ஆசிரியர்கள், பாடங்கள், மாணவர்கள், சேர்க்கைகள். ஒவ்வொன்றிலும் பிரைமரி கீ எது, எது காலியாக இருக்கலாம், எது திரும்ப வரக்கூடாது என்று குறியுங்கள். மாணவரின் மின்னஞ்சல் ஒரே மாதிரி இருவருக்கு இருக்கக்கூடாது என்றால் அங்கே யூனிக் கட்டுப்பாடு வேண்டும். நிரலில் மட்டும் சோதித்தால் போதாது. ஒரே நொடியில் இரண்டு கோரிக்கைகள் வந்தால் இரண்டுமே சோதனையைத் தாண்டிவிடும். டேட்டாபேஸ்தான் கடைசிக் காவல்.

பழகுவதற்கு எஸ்கியூலைட் போதும், நிறுவவே வேண்டியதில்லை. இரண்டு விஷயம் மட்டும் கவனம். எஸ்கியூலைட்டில் ஃபாரின் கீ சோதனை வழக்கமாக அணைந்தே இருக்கும். ஒவ்வொரு இணைப்பிலும் அதற்கான பிரக்மா கட்டளையைக் கொடுத்து இயக்க வேண்டும். எண் என்று அறிவித்த நெடுவரிசையில் எழுத்தைப் போட்டாலும் அது ஏற்றுக்கொள்ளும். அங்கே ஓடிய நிரல் போஸ்ட்கிரெஸில் முதல் நாளே நின்றுபோனால் ஆச்சரியப்பட வேண்டாம். நிஜத் திட்டம் என்றால், எந்த டேட்டாபேஸில் ஓடப்போகிறதோ அதிலேயே சோதனையும் நடக்கட்டும்.

படி 2: கிளாஸை எழுதி, லாகைத் திறந்துவிடுங்கள்

எஸ்கியூஎல்ஆல்கெமியில் ஒரு அடிப்படை கிளாஸை அறிவித்து, அதிலிருந்து ஆசிரியர், பாடம், மாணவர், சேர்க்கை என்ற கிளாஸ்களை உருவாக்குகிறோம். ஒவ்வொரு பண்பும் ஒரு நெடுவரிசை. 2.0-வில் பைதானின் வகைக் குறிப்பையே அது படித்துக்கொள்ளும்: வெறும் ஸ்டிரிங் என்று எழுதினால் அந்த நெடுவரிசை நாட் நல், ஆப்ஷனல் என்று எழுதினால் காலியாக விடலாம்.

வகைகளைத் தேர்ந்தெடுப்பதில் அவசரப்படாதீர்கள். கட்டணத்துக்கு ஃப்ளோட் வேண்டாம், டெசிமல் வையுங்கள், 0.1-ஐயும் 0.2-ஐயும் ஃப்ளோட்டில் கூட்டினால் சரியாக 0.3 வராது, பணத்தில் அந்தப் பிசகு கூடிக்கொண்டே போகும். நேரத்தை யூடிசியில் சேமித்து, காட்டும்போது உள்ளூர் நேரமாக மாற்றுங்கள்.

அப்புறம், எஞ்சினை உருவாக்கும் வரியில் எக்கோ என்ற அமைப்பை ட்ரூ ஆக்குங்கள். இனி டேட்டாபேஸுக்குப் போகும் ஒவ்வொரு கியூரியும் திரையில் ஓடும். ஜாங்கோவில் டீபக் டூல்பார் இதே வேலையைச் செய்யும். ஹைபர்னேட்டில் எஸ்கியூஎல் லாகை இயக்கும் அமைப்பு இருக்கிறது. எந்தக் கருவியானாலும் இதை முதல் நாளே செய்துவிடுங்கள். மற்ற எல்லாப் படிகளையும் புரியவைக்கப்போவது இந்த லாக்தான்.

படி 3: உறவுகளை இணையுங்கள்

ஒன்றுக்குப் பல என்ற உறவில் ஃபாரின் கீ எப்போதும் பல பக்கத்தில்தான் இருக்கும். பாடங்கள் டேபிளில் ஆசிரியர்_ஐடி. கிளாஸில் இதற்கு மேல் ரிலேஷன்ஷிப் என்ற அறிவிப்பு ஒன்றைச் சேர்த்தால், பாடத்திலிருந்து ஆசிரியருக்கும் ஆசிரியரிலிருந்து பாடங்களுக்கும் புள்ளி வைத்துப் போகலாம். இரண்டு பக்கமும் ஒன்றையொன்று அறிய, பேக்பாப்புலேட்ஸ் என்று இரண்டிலும் குறிப்பிட வேண்டும். அப்போது ஆசிரியரின் பட்டியலில் ஒரு பாடத்தைச் சேர்த்தாலே பாடத்தின் ஆசிரியர் பண்பும் தானாக மாறும்.

ஹைபர்னேட்டில் இப்படி இல்லை. அங்கே உறவின் ஒரு பக்கம்தான் உரிமையாளர். மேப்டுபை என்று எழுதியிருக்கும் பக்கம் வெறும் கண்ணாடி. அங்கே மட்டும் பட்டியலில் சேர்த்துவிட்டுச் சேமித்தால், பிழையும் வராது, ஃபாரின் கீயும் எழுதப்படாது. புதிதாக வருபவர்கள் மணிக்கணக்கில் தேடும் இடம் இது. இரண்டு பக்கத்தையும் சேர்த்து மாற்றும் ஒரு சிறிய மெத்தடை எழுதி, எப்போதும் அதன் வழியாகவே போங்கள்.

மாணவருக்கும் பாடத்துக்கும் உள்ளது பலவற்றுக்குப் பல. இதை நடுவில் ஒரு டேபிள் வைத்துத்தான் சொல்ல முடியும். கருவிகள் எல்லாமே அந்த நடு டேபிளை மறைத்துவைத்து, மாணவருக்குள் நேராகப் பாடங்களின் பட்டியலைத் தரும் வசதி கொடுக்கின்றன. பார்க்க அழகாக இருக்கும். ஆனால் சேர்ந்த தேதி, மதிப்பெண், பாதியில் விலகினாரா என்பதெல்லாம் வந்தே தீரும். அந்தத் தகவல் மாணவருக்கும் சொந்தமில்லை, பாடத்துக்கும் சொந்தமில்லை. எனவே முதலிலிருந்தே சேர்க்கை என்பதைத் தனி கிளாஸாக வைத்துவிடுங்கள். பல திட்டங்களில் உண்மையான வியாபார விதிகள் எல்லாம் இந்த நடு கிளாஸில்தான் வந்து குவியும். மாணவர்_ஐடி, பாடம்_ஐடி இரண்டையும் சேர்த்து யூனிக் ஆக்குவதையும் மறக்க வேண்டாம்.

போஸ்ட்கிரெஸ் ஃபாரின் கீ நெடுவரிசைக்குத் தானாக இண்டெக்ஸ் (தேடலை வேகப்படுத்தும் அட்டவணை) போடாது. மைஎஸ்கியூஎல்லின் இன்னோடிபி போடும், ஜாங்கோவும் தன் பங்குக்குப் போட்டுவிடும். எஸ்கியூஎல்ஆல்கெமியும் போஸ்ட்கிரெஸும் என்றால் நீங்களே கேட்டுப் போட வேண்டும்.

கேஸ்கேடில் (ஒன்றை அழித்தால் அதைச் சார்ந்தவையும் தானாக அழிவது) தாராளம் வேண்டாம். ஒரு பாடத்தை அழித்தால் அதன் சேர்க்கைகளும் போகலாம், சரி. ஆசிரியரை அழித்தால் பாடங்களும், அவற்றோடு சேர்க்கைகளும், மதிப்பெண்களும் போக வேண்டுமா? சந்தேகம் இருந்தால் கேஸ்கேடை விட்டுவிடுங்கள். டேட்டாபேஸ் அழிக்க மறுத்துப் பிழை காட்டுவது நல்லதுதான்.

நேரடிப் பாடம், இணையவழிப் பாடம் என்று இன்ஹெரிட்டன்ஸ் வந்தால் மூன்று வழிகள் உண்டு: எல்லாம் ஒரே டேபிளில், ஒவ்வொரு துணை கிளாஸுக்கும் ஒரு கூடுதல் டேபிள் வைத்து ஜாயின், அல்லது ஒவ்வொன்றுக்கும் முழுத் தனி டேபிள். தொடங்கும்போது ஒரே டேபிளும் ஒரு வகை நெடுவரிசையும் போதும். மூன்றாவது வழியில் எல்லாப் பாடங்களையும் ஒன்றாகப் பட்டியலிட யூனியன் தேவைப்படும். அதைத் தவிர்ப்பது நல்லது.

படி 4: செஷனைப் புரிந்துகொள்ளுங்கள்

இதைப் புரியாமல் விட்டால் ஓஆர்எம் மாயாஜாலமாகவே தெரியும். செஷன் என்பது உங்கள் ஆப்ஜெக்டுகளுக்கும் டேட்டாபேஸுக்கும் நடுவில் ஓஆர்எம் வைத்திருக்கும் இடம். அது இரண்டு வேலை செய்கிறது.

ஒன்று, எடுத்துவந்த ஆப்ஜெக்டுகளைப் பிரைமரி கீயின்படி ஞாபகம் வைத்திருக்கிறது. அதே செஷனில் 7-ஆம் எண் பாடத்தை இரண்டு முறை கேட்டால் இரண்டு தடவையும் அதே ஆப்ஜெக்ட்தான் வரும். ஒரு இடத்தில் மாற்றியது இன்னொரு இடத்தில் தெரியாமல் போகும் குழப்பம் இதனால் வராது. ஜாங்கோவில் இந்த வசதி இல்லை. அங்கே இரண்டு முறை கேட்டால் இரண்டு தனி ஆப்ஜெக்டுகள்.

இரண்டு, எது மாறியது என்று கணக்கு வைக்கிறது. நீங்கள் பாடத்தின் தலைப்பை மாற்றினால் அந்த நொடியே எதுவும் டேட்டாபேஸுக்குப் போகாது. ஃப்ளஷ் (தேங்கிய மாற்றங்களை டேட்டாபேஸுக்கு அனுப்புவது) நடக்கும்போது மாறியவற்றுக்கு மட்டும் அப்டேட் போகும், புதியவற்றுக்கு இன்செர்ட் போகும், ஃபாரின் கீ தடுக்காத வரிசையில். ஆனால் ஃப்ளஷ் என்பது முடிவல்ல. டிரான்சாக்ஷன் (ஒன்றாக நிலைக்கும் அல்லது ஒன்றாக ரத்தாகும் மாற்றங்களின் தொகுப்பு) இன்னும் திறந்தே இருக்கிறது. மற்ற இணைப்புகளுக்கு எதுவும் தெரியாது. ரோல்பேக் செய்தால் எல்லாம் மறைந்துவிடும். கமிட் செய்த பிறகுதான் நிலைக்கும். கமிட் தானாகவே முதலில் ஃப்ளஷ் செய்துகொள்ளும்.

ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். புதிய மாணவர் ஒருவரை உருவாக்கி செஷனில் சேருங்கள். அவர் எண்ணை அச்சிடுங்கள்: நன் (பைதானில் ‘எதுவும் இல்லை’) என்று வரும். லாகிலும் ஒன்றும் இருக்காது. உடனே மாணவர்கள் எத்தனை பேர் என்று ஒரு கியூரி கேளுங்கள். அந்த செலக்டுக்கு முன்னால் ஒரு இன்செர்ட் லாகில் ஓடியிருக்கும், நீங்கள் கேட்காமலேயே. கியூரியின் விடை சரியாக இருக்க வேண்டும் என்பதற்காகச் செஷன் தானாக ஃப்ளஷ் செய்தது. இப்போது எண்ணை அச்சிட்டால் வரும். அடுத்து கமிட் செய்துவிட்டு மாணவரின் பெயரைக் கேளுங்கள். ஒரு புதிய செலக்ட் ஓடும். கமிட்டுக்குப் பிறகு வேறு யாராவது மாற்றியிருக்கலாம் என்று எஸ்கியூஎல்ஆல்கெமி பழைய மதிப்புகளைக் கைவிட்டுவிடுகிறது.

இணையச் செயலியில் ஒரு கோரிக்கைக்கு ஒரு செஷன் என்பது நல்ல விதி. எல்லாக் கோரிக்கைகளுக்கும் ஒரே செஷனைப் பொதுவாக வைக்காதீர்கள். செஷனை மூடிய பிறகு, அதில் எடுத்த ஆப்ஜெக்டிலிருந்து இன்னும் ஏற்றாத உறவைக் கேட்டால் டிடாச்டுஇன்ஸ்டன்ஸ்எரர் வரும். ஹைபர்னேட்டில் அதற்கு லேசிஇனிஷியலைசேஷன்எக்ஸெப்ஷன் என்று பெயர். செஷனை நீட்டி வைத்து இதை மறைக்கத் தோன்றும். தேவையானதை முன்கூட்டியே எடுத்துவருவதுதான் சரியான மருந்து, அடுத்த படியில் அதைத்தான் பார்க்கப்போகிறோம்.

படி 5: என் பிளஸ் ஒன்றைப் பிடியுங்கள்

50 பாடங்களை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் சேர்ந்தவர்களின் பட்டியலைக் காட்ட வேண்டும். ஒரு லூப், உள்ளே பாடத்தின் சேர்க்கைகள் என்ற பண்பு. நிரலில் பிழையே தெரியாது. லாகைப் பாருங்கள்:

செலக்ட் ஐடி, தலைப்பு ஃப்ரம் பாடங்கள்
செலக்ட் * ஃப்ரம் சேர்க்கைகள் வேர் பாடம்_ஐடி = 1
செலக்ட் * ஃப்ரம் சேர்க்கைகள் வேர் பாடம்_ஐடி = 2
செலக்ட் * ஃப்ரம் சேர்க்கைகள் வேர் பாடம்_ஐடி = 3

இப்படியே 50 வரை. மொத்தம் 51 கியூரிகள்: பாடங்களின் பட்டியலுக்கு ஒன்று, பாடத்துக்கு ஒன்றாக 50. என் பிளஸ் ஒன் என்பது இதுதான். சேர்க்கைக்குள் போய் மாணவரின் பெயரையும் கேட்டால் இன்னும் பெருகும். உங்கள் கணினியில் டேட்டாபேஸும் நிரலும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால் வேகமாகத்தான் ஓடும். நெட்வொர்க்கில் ஒவ்வொரு போய்வரவுக்கும் 2 மில்லிசெகண்ட் என்று வைத்தால்கூட 51 கியூரிக்கு 100 மில்லிசெகண்டுக்கு மேல் வெறும் காத்திருப்பிலேயே போய்விடும். பாடங்கள் 500 ஆனால் ஒரு நொடி. தகவல் வளர வளரத்தான் இந்த நோய் வெளியே தெரியும் என்பதால், லாகைப் பார்க்காதவருக்கு இது கடைசியில்தான் தெரியவரும்.

இதற்குக் காரணம் லேசி லோடிங். கேட்கும்போது மட்டும் எடுத்துவரும் பழக்கம். அதில் தப்பில்லை, ஒரு ஆப்ஜெக்டுக்கு அது வசதிதான். லூப்புக்குள்தான் ஆபத்து. தீர்வு, கியூரியிலேயே எதெல்லாம் வேண்டும் என்று சொல்லிவிடுவது.

எஸ்கியூஎல்ஆல்கெமியில் செலக்ட்இன்லோட் என்றால் இரண்டாவதாக ஒரே ஒரு கியூரி போகும், 50 பாட எண்களையும் இன் என்ற பட்டியலில் வைத்து. 51 கியூரி இரண்டாகிவிடும். ஜாயின்ட்லோட் என்றால் ஒரே கியூரியில் ஜாயின் செய்து எடுக்கும். ஜாங்கோவில் இவற்றின் பெயர்கள் முறையே ப்ரீஃபெட்ச்_ரிலேட்டட், செலக்ட்_ரிலேட்டட்.

எதை எப்போது? பாடத்திலிருந்து ஆசிரியர் போல ஒன்றை நோக்கிப் போகும்போது ஜாயின். பட்டியலை நோக்கிப் போகும்போது இரண்டாவது கியூரி. பட்டியலை ஜாயின் செய்தால் ஒரு பாடத்தின் விவரம் அதில் சேர்ந்த 30 மாணவர்களுக்காக 30 முறை திரும்ப வரும். இரண்டு பட்டியல்களைச் சேர்த்து ஜாயின் செய்தால் பெருக்கல்: 30 சேர்க்கை, 20 பாடக்குறிப்பு என்றால் ஒரே பாடத்துக்கு 600 வரிசைகள்.

ஜேபிஏ-வில் (ஹைபர்னேட் பின்பற்றும் ஜாவா தரநிலை) ஒன்றை நோக்கிய உறவுகள் சொல்லாவிட்டால் ஈகர் (கேட்காமலேயே ஏற்றுவது) ஆகவே இருக்கும், பட்டியல்கள் லேசி. ஒன்றை நோக்கியவற்றையும் லேசி ஆக்கிவிட்டு, தேவைப்படும் கியூரியில் மட்டும் ஃபெட்ச் செய்வதே என் விருப்பம். மேப்பிங்கில் ஈகர் என்று எழுதிவிட்டால் பிறகு ஒரு கியூரியில் அதை நிறுத்துவது கடினம்.

எஸ்கியூஎல்ஆல்கெமியில் ரெய்ஸ்லோட் என்று ஒரு அருமையான வசதி உண்டு. முன்கூட்டி ஏற்றாத உறவைத் தொட்டால் கியூரி ஓடாமல் பிழை வரும். சோதனைச் சூழலில் இதைப் போட்டுவையுங்கள், என் பிளஸ் ஒன் உள்ளே நுழையவே முடியாது. அதோடு முக்கியமான பக்கங்களுக்கு, இத்தனை கியூரிக்கு மேல் போகக்கூடாது என்று ஒரு சோதனையும் எழுதுங்கள். ஜாங்கோவில் அதற்கு அசர்ட்நம்கியூரீஸ் தயாராகவே இருக்கிறது.

படி 6: கடைசி இடம் யாருக்கு

ஒரு பாடத்தில் ஒரே ஒரு இடம் மீதம். இரண்டு மாணவர்கள் ஒரே சமயத்தில் சேர்கிறார்கள். இரண்டு கோரிக்கைகளும் பாடத்தை எடுக்கின்றன, இரண்டும் மீதம் 1 என்று படிக்கின்றன, இரண்டும் 0 என்று எழுதுகின்றன. இடம் ஒன்று, சேர்ந்தவர் இருவர். டிரான்சாக்ஷனுக்குள் இருந்தாலும் ரீட் கமிட்டட் (மற்றவர்கள் கமிட் செய்ததை மட்டும் படிக்கும்) நிலையில் இது நடக்கும். போஸ்ட்கிரெஸின் வழக்கமான நிலை அதுதான்.

எளிய வழி, கழித்தலை டேட்டாபேஸிடமே விடுவது: அப்டேட் பாடங்கள் செட் மீதம் = மீதம் - 1 வேர் ஐடி = 7 அண்ட் மீதம் > 0. எத்தனை வரிசை மாறியது என்று பாருங்கள். 0 என்றால் இடம் முடிந்துவிட்டது. ஜாங்கோவில் எஃப் எக்ஸ்பிரஷன் இந்தக் கழித்தலை எழுத உதவும்.

படிவத்தைத் திறந்துவைத்து நிதானமாகத் திருத்தும் இடங்களில் வெர்ஷன் நெடுவரிசை உதவும். ஒவ்வொரு அப்டேட்டிலும் பழைய வெர்ஷன் எண்ணையும் வேர் நிபந்தனையில் ஓஆர்எம்மே சேர்த்துவிடும். நடுவில் வேறு யாராவது மாற்றியிருந்தால் எந்த வரிசையும் பொருந்தாது, எஸ்கியூஎல்ஆல்கெமியில் ஸ்டேல்டேட்டாஎரர் வரும். பயனரிடம் புதிய விவரத்தைக் காட்டி மறுபடி கேளுங்கள்.

படி 7: மைக்ரேஷனைப் படித்துவிட்டு ஓட்டுங்கள்

எஸ்கியூஎல்ஆல்கெமியின் கிரியேட்_ஆல், இன்னும் இல்லாத டேபிளை உருவாக்கும். இருக்கிற டேபிளில் புதிய நெடுவரிசையைச் சேர்க்காது. அதற்கு மைக்ரேஷன் (டேபிளின் அமைப்பை மாற்றும் கோப்பு) வேண்டும். எஸ்கியூஎல்ஆல்கெமிக்கு அலெம்பிக். ஜாங்கோவுக்கு அதனுடைய மைக்ரேஷன், ஜாவாவில் ஃப்ளைவே அல்லது லிக்விபேஸ். ஹைபர்னேட் தானாக டேபிளை மாற்றும் அப்டேட் அமைப்பை உங்கள் கணினியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

தானாக உருவான மைக்ரேஷன் கோப்பை ஒரு வரைவாக மட்டுமே பாருங்கள். தலைப்பு என்ற நெடுவரிசையின் பெயரைப் பாடத்தலைப்பு என்று மாற்றினால் அலெம்பிக்குக்கு அது பெயர் மாற்றம் என்று தெரியாது. பழையதை அழி, புதியதைச் சேர் என்று எழுதிவைக்கும். அப்படியே ஓட்டினால் எல்லாத் தலைப்புகளும் போய்விடும். கையால் திருத்துங்கள். ஜாங்கோ, பெயர் மாற்றினீர்களா என்று ஒரு முறை கேட்கும்; அங்கே யோசிக்காமல் என்டர் தட்டாதீர்கள்.

ஏற்கெனவே வரிசைகள் உள்ள டேபிளில் நாட் நல் நெடுவரிசை சேர்க்க வேண்டுமா? முதலில் காலியாக இருக்கலாம் என்று சேர்த்து, பழைய வரிசைகளை நிரப்பி, அதன்பிறகு நாட் நல் ஆக்குங்கள்.

படி 8: ஓஆர்எம்மை விட்டு வெளியே வர வேண்டிய இடங்கள்

எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்று அறியச் சேர்க்கைகள் பட்டியலை முழுக்க ஏற்றி நீளத்தை அளப்பது வீண். கவுண்ட் கேளுங்கள். 1 லட்சம் பழைய சேர்க்கைகளை முடிந்தது என்று குறிக்க, ஒவ்வொன்றையும் ஆப்ஜெக்டாக எடுத்து மாற்ற வேண்டாம். ஒரே அப்டேட் கட்டளை போதும். ஆனால் அப்படி நேராக அப்டேட் செய்தால் ஆப்ஜெக்டில் நீங்கள் எழுதிவைத்த சரிபார்ப்புகள் ஓடாது, ஜாங்கோவில் சேவ் மெத்தடும் சிக்னல்களும் ஓடாது. அது தெரிந்தே செய்யுங்கள்.

மாதவாரி அறிக்கை, தரவரிசை, நான்கு டேபிள் சேர்த்துத் தொகுப்பது போன்றவற்றுக்கு எஸ்கியூஎல்லை நேராகவே எழுதலாம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. எல்லா ஓஆர்எம்மும் அதற்கு வழி வைத்திருக்கின்றன. பயனர் தரும் மதிப்பை மட்டும் கியூரியின் எழுத்துக்குள் ஒட்டிவிடாதீர்கள், பாராமீட்டராகத் தனியே கொடுங்கள். ஓஆர்எம் வழியாகப் போகும்போது அது தானாக நடந்தது. கையால் எழுதும்போது எஸ்கியூஎல் இன்ஜெக்ஷனை (பயனர் தரும் மதிப்பே கட்டளையாக ஓடிவிடும் தாக்குதலை) தடுக்கும் பொறுப்பு உங்களுடையது.

பழகிப் பார்க்க ஒரு வேலை: இந்த நான்கு கிளாஸ்களையும் எழுதி, 50 பாடங்களையும் பாடத்துக்கு 30 சேர்க்கைகளையும் ஒரு சிறிய நிரலால் நிரப்புங்கள். ஆசிரியர் பெயர், பாடத் தலைப்பு, சேர்ந்த மாணவர்களின் பெயர்கள் எல்லாம் வரும் ஒரு பட்டியலை அச்சிடுங்கள். எக்கோவை இயக்கி, அதற்கு எத்தனை கியூரி ஓடுகிறது என்று எண்ணுங்கள். பிறகு மூன்றுக்குக் கொண்டுவாருங்கள்: ஆசிரியரோடு ஜாயின் செய்த பாடங்களுக்கு ஒன்று, சேர்க்கைகளுக்கு ஒன்று, மாணவர்களுக்கு ஒன்று.